கிங்ஸ் எக்ஸ்: புதிதாகக் கேட்க வருகிறவர்களின் கேள்விகளும் பழைய ரசிகனின் பதில்களும்

கிங்ஸ் எக்ஸ் பாட்டை முதல்முறை கேட்டவர்கள் கேட்கிற கேள்விகளும், பழைய ரசிகர்கள் கூடினால் பேசித் தீராத விஷயங்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

யார் இவர்கள்?

அமெரிக்க ராக் குழு, மூன்றே பேர். டக் பின்னிக் பேஸ் கிட்டார் வாசிப்பார், பெரும்பாலான பாட்டுகளில் முதன்மைக் குரலும் அவர்தான். டை டேபர் கிட்டார், ஜெர்ரி காஸ்கில் டிரம்ஸ். மூன்று பேருமே பாடுவார்கள், இந்த விஷயம் இனி அடிக்கடி வரும். 1980 வாக்கில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் சேர்ந்தார்கள். முதலில் 'தி எட்ஜ்' என்று பெயர், அப்புறம் 'ஸ்னீக் பிரிவியூ'. அந்தப் பெயரில் 1983-ல் சொந்தமாக ஓர் ஆல்பம்கூடப் போட்டார்கள், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1985-ல் ஹூஸ்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள், அங்கே இசட் இசட் டாப் குழுவோடு வேலை பார்த்த சாம் டெய்லர் இவர்களைக் கையில் எடுத்துக்கொண்டு, பெயரையும் மாற்றி, மெகாஃபோர்ஸ் இசைத்தட்டு நிறுவனம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். 1988-ல் முதல் ஆல்பம், 'அவுட் ஆஃப் த சைலண்ட் பிளானட்'. தலைப்பு சி. எஸ். லூயிஸ் நாவலிலிருந்து எடுத்தது. வேடிக்கை என்னவென்றால் அதே தலைப்புள்ள பாட்டு அந்த ஆல்பத்தில் கிடையாது, அடுத்த ஆல்பத்தின் முதல் பாட்டாக வரும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறை குழம்புவார்கள்.

கிங்ஸ் எக்ஸ் என்ற பெயரில் வெளிவந்த எல்லா ஆல்பத்திலும் இதே மூவர்தான். இவ்வளவு ஆண்டுகளில் ஒருவர்கூட மாறவில்லை.

ஹார்மனி, ஹார்மனி என்று ஏன் இப்படி உருகுகிறீர்கள்? எல்லா பேண்டிலும் பின்னணிக் குரல் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கனமான ராக் குழுக்களில் பின்னணிக் குரல் என்பது கோரஸ் வரும்போது கூட நாலு பேர் சேர்ந்து கத்துவதுதான். இவர்களிடம் அது பாட்டின் எலும்பு மாதிரி, எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மூன்று பேர் ஒரே வரியை ஒரே சமயத்தில் மூன்று வேறு சுரங்களில் பாடினால் அங்கே ஒரு முழுக் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, உருவாகிவிடும். கிட்டார் வாசிக்க வேண்டிய கார்டைத் தொண்டையே வாசித்துவிடுகிறது. அப்படி ஆனதும் டை டேபரின் கிட்டாருக்கு விடுதலை கிடைக்கிறது, அது கீழே போய் ஒற்றை நரம்பில் கனமாக ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுர வரிசை) வாசித்தபடி இருக்கலாம், பாட்டு வெறுமையாகத் தோன்றாது. கீழே தரை அதிர்கிற மாதிரி பேஸும் டிரம்ஸும், மேலே தேவாலயப் பாடகர் குழு மாதிரி மூன்று குரல், நடுவில் நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் இவர்கள் ஒலியின் ரகசியம் என்பது என் கட்சி. மூன்றே பேர் இவ்வளவு பெரிய சத்தம் போடுகிறார்களே என்று கேட்பவர்கள் பாதி விடையை ஆம்ப்ளிஃபயரில் தேடுகிறார்கள், அது குரலில் இருக்கிறது.

இன்னொன்று, மூன்று குரலும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. டக்குடைய குரல் அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல், அதன் உறவான சோல் இசையிலிருந்து வந்தது. கரகரப்பும் உருக்கமும் உள்ள பெரிய குரல். டை பாடினால் மிருதுவாக, கொஞ்சம் தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். ஜெர்ரி குரலில் ஒரு வெள்ளந்தித்தனம். தனித்தனியாகக் கேட்டால் மூன்று வேறு பேண்டுப் பாடகர்கள் என்றுதான் நினைப்பீர்கள். சேர்ந்து பாடும்போது எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்குகிறார் என்று பிரிக்க முடியாது. ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே நடுக் குரலை மட்டும் பிடிக்கப் பாருங்கள், நாலு வரி தாண்டுவதற்குள் காது தானாக மேல் குரலுக்கு வழுக்கிவிடும்.

பீட்டில்ஸ் மாதிரி என்று சொல்கிறார்களே?

பாதி சரி. பீட்டில்ஸ் பாதிப்பு நிறைய உண்டு, மூவருமே மறைக்கவில்லை. டை டேபர் பாடுகிற பாட்டுகளில் அது அப்பட்டமாகவே தெரியும். ஆனால் பீட்டில்ஸ் ஹார்மனியைக் கொண்டுபோய் பிளாக் சப்பாத் ரிஃப்மேல் வைத்து, அதற்கும் மேலே ஒரு காஸ்பல் பாடகரை நிற்கவைத்தால் என்ன வரும் என்று யோசித்தால் கிட்ட வருவீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

இதற்குப் பழைய ரசிகர்களிடம் ஒருமித்த பதிலே வராது, சண்டைதான் வரும். என் பதில்: 1989-ல் வந்த 'கிரெட்சன் கோஸ் டு நெப்ராஸ்கா'. வரிசையாக, இடையில் நிறுத்தாமல், முதல் பாட்டிலிருந்து. அந்த முதல் பாட்டு சிதார் ஒலியோடு தொடங்கும், வாசிப்பது டை டேபர்தான். கனமான ராக் கேட்க உட்கார்ந்தவருக்குச் சிதார் கேட்டதும் ஒரு நிமிடம் தவறான ஆல்பத்தைப் போட்டுவிட்டோமோ என்று தோன்றும், கொஞ்சம் பொறுங்கள்.

அதில் 'ஓவர் மை ஹெட்' பாட்டை டக்கின் குரலுக்காகக் கேளுங்கள். டக்கை வளர்த்தது கொள்ளுப்பாட்டி, கடுமையான மத ஒழுங்கு உள்ள வீடு. பாட்டி பாடியது தலைக்கு மேலே ஒலித்துக்கொண்டே இருக்கிறது என்பதுதான் பாட்டின் கரு. 'சம்மர்லேண்ட்' கேட்டால் இவர்களால் எவ்வளவு அழகாக ஏங்க முடியும் என்று தெரியும். 'பிளையடீஸ்' பாட்டில் டை மெல்லப் பாடிக்கொண்டே போவார், அடியில் மலை நகர்கிற மாதிரி ரிஃப் போகும். கனமும் மென்மையும் மாறி மாறி வரும் பாட்டுகளை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று கெடுக்காமல் நடப்பது இந்தப் பாட்டில்.

அப்புறம் 1990-ன் 'ஃபெய்த் ஹோப் லவ்'. இவர்களுக்கு ஓரளவு வானொலி வெற்றி கொடுத்த 'இட்ஸ் லவ்' இதில்தான். அமெரிக்காவின் மெயின்ஸ்ட்ரீம் ராக் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு. முதன்மைக் குரல் டக் இல்லை, டை. இதனாலேயே அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு ஆல்பம் வாங்கினவர்கள், மற்ற பாட்டுகளில் வேறு யாரோ பாடுகிறார் என்று குழம்பிய கதை ரசிகர்களிடையே அடிக்கடி வரும்.

மெல்லிசை வேண்டாம், கனம்தான் வேண்டும் என்கிறவர் 1994-ன் 'டாக்மேன்' பக்கம் போகலாம். பியர்ல் ஜாம், ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் ஆல்பங்களைத் தயாரித்த பிரெண்டன் ஓ'பிரையன் தயாரிப்பு. அதுவரை இருந்த பளபளப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, பேஸை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

கிரஞ்ச் என்கிற, தொண்ணூறுகளில் பரவிய கரடுமுரடான ராக் இசையை இவர்கள்தான் கண்டுபிடித்தார்களாமே?

பியர்ல் ஜாம் பேஸ் கலைஞர் ஜெஃப் அமென்ட் அப்படிச் சொன்னதாக எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டுகிறார்கள், ரசிகர்களும் அதை விருது மாதிரி மார்பில் குத்திக்கொண்டு திரிகிறோம். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் விஷயம் இதுதான்: கிட்டாரின் தடித்த நரம்பு வழக்கமாக ஈ சுரத்தில் இருக்கும், அதை ஒரு முழுச் சுரம் இறக்கி டி-யில் வைப்பது டிராப் டி ட்யூனிங். அப்படி வைத்தால் கனமான ராக்கின் அடிப்படையான பவர் கார்டை ஒரே விரலில் பிடிக்கலாம், ஒலியும் இன்னும் ஆழமாக இறங்கும். இதை இவர்கள் கண்டுபிடிக்கவில்லை, முன்பே பலர் செய்ததுதான். ஆனால் 1988-லேயே பல பாட்டுகளுக்கு அதையே அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். கிரஞ்ச் வளர்ந்த சியாட்டில் நகரத்துக் குழுக்கள் உலகம் முழுக்கக் கேட்கப்பட்டது அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துத்தான்.

கிரஞ்சுக்கு இவர்கள் அப்பா என்று சொல்ல மாட்டேன், சித்தப்பா என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். சவுண்ட்கார்டனும் ஆலிஸ் இன் செயின்ஸும் தங்கள் வழியில் தானாகவே வந்தவர்கள். ஆலிஸ் இன் செயின்ஸ் ஹார்மனி பிடித்தவர்களுக்கு மட்டும் கிங்ஸ் எக்ஸ் நிச்சயம் பிடிக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் பெரிய பேராகவில்லை?

சரி, இதுதான் நிஜமான கேள்வி.

"ரசிகர்களுக்குப் புரியவில்லை", "நிறுவனம் சரியாக விற்கவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். வாய்ப்பே கிடைக்காத குழு இல்லை இது. எம்.டி.வி.யில் வந்தார்கள். 1991-ல் ஏசி/டிசி குழுவுக்கு முன்னால் பெரிய அரங்குகளில் வாசித்தார்கள். 1994-ல் புகழ்பெற்ற உட்ஸ்டாக் இசைவிழாவின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா மேடையில் ஏறினார்கள். 'ஃபெய்த் ஹோப் லவ்', 'டாக்மேன்' இரண்டும் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதல் நூறுக்குள் வந்தன. கதவு திறந்துதான் இருந்தது.

என் கணிப்பில் சிக்கல், எந்த அலமாரியில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை என்பதுதான். 1988-ல் ராக் என்றால் தலைமுடியை ஊதிவிட்டு, பார்ட்டி பாடல் பாடுகிறவர்கள். இவர்கள் ஆன்மாவைப் பற்றிப் பாடினார்கள். மெட்டல் ரசிகர்களுக்கு ஹார்மனி அதிகம். பாப் கேட்பவர்களுக்கு ரிஃப் அதிகம். புரோக்ரெசிவ் ராக் கேட்பவர்களுக்குப் பாட்டு சிறிசு, ஸோலோ குறைவு. கிரஞ்ச் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டபோது இவர்களிடம் ஏற்கனவே மூன்று ஆல்பம் இருந்தது, அதனால் "புதுசு" என்று விற்க முடியாது. முதல் ஆல்பம் வந்தபோதே டக்குக்கு 37 வயது என்பது இன்றைக்கும் பலருக்குத் தெரியாது, அவர் பிறந்தது 1950-ல். தவிர, கனமான ராக் குழுவுக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பாடகர் நிற்பதை அந்தக் காலத்து அமெரிக்க வானொலியும் சந்தையும் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டன என்பதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். லிவிங் கலர் மாதிரி ஓரிரு குழுக்களைத் தவிர முன்னுதாரணமே குறைவு.

1992-ல் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து வந்த நான்காவது ஆல்பத்துக்குப் பிறகு சாம் டெய்லரோடு பிரிவும் வந்தது. 1996-ன் 'இயர் கேண்டி'யோடு, மெகாஃபோர்ஸுக்குப் பிறகு இவர்கள் ஆல்பங்களை வெளியிட்டு வந்த அட்லாண்டிக் நிறுவனத்துடனான உறவும் முடிந்தது. அந்த ஆல்பம் விற்கவில்லை என்பதாலேயே அதை மட்டமாகப் பேசுகிறார்கள், ஆனால் மெட்டுக்காகக் கேட்பவருக்கு அது ஒரு புதையல்.

இது கிறிஸ்தவ பேண்டா?

மூவரும் அந்தச் சூழலிலிருந்து வந்தவர்கள். டக்கும் ஜெர்ரியும் கிறிஸ்தவ இசை உலகில் மதிப்புள்ள கிட்டார் கலைஞர் ஃபில் கீகியோடு வாசித்திருக்கிறார்கள். ஆரம்ப ஆல்பங்களில் நம்பிக்கை, அன்பு, சந்தேகம் எல்லாம் கலந்து வரும். ஆனால் 'கிறிஸ்தவ ராக்' என்ற சீட்டை அவர்கள் ஒட்டிக்கொள்ளவில்லை. மதப் பிரசாரகர்களையே விசாரிக்கிற பாட்டும் உண்டு.

1998-ல் டக் தான் ஒருபால் ஈர்ப்பு உடையவர் என்று ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். கிறிஸ்தவக் கடைகளுக்கு இவர்கள் ஆல்பங்களை விநியோகித்து வந்த நிறுவனம் உடனே கைகழுவியது. ரசிகர்களில் சிலர் விலகினார்கள், பெரும்பாலோர் நின்றார்கள். பழைய பாட்டுகளை அதற்குப் பிறகு கேட்டால் வரிகள் வேறு மாதிரி விழும். யாராவது என்னை நேசிப்பார்களா, நான் எங்கே சேர்ந்தவன் என்று இவ்வளவு பாட்டுகளில் ஒரு மனிதர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நாம் அதை மதப் பாட்டு என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். பிற்காலத்தில் தனக்குப் பழைய நம்பிக்கை இல்லை என்றும் பேசியிருக்கிறார்.

கச்சேரியில் ரசிகர்களே பாடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 'கோல்டிலாக்ஸ்' என்று முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு, பெரிய வெற்றி எல்லாம் இல்லை. ஒரு பெண்ணிடம் பேசத் தயங்கும் ஒருவனின் பாட்டு, அவ்வளவுதான். நாளடைவில் அது ஒரு சடங்காகிவிட்டது. டை கிட்டாரில் அந்த முதல் வரிசைச் சுரங்களைத் தொடங்கியதும் டக் மைக்கை விட்டு விலகிவிடுவார். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை கூட்டம்தான் பாடும். கோரஸ் மட்டும் இல்லை, முழுப் பாட்டும்.

பதிவுகளில் கேட்டாலே ஒரு விஷயம் கவனிக்கலாம். சாதாரணமாகக் கூட்டம் பாடினால் எல்லோரும் ஒரே மெட்டில்தான் பாடுவார்கள், அதுவும் பாதிச் சுருதியில். இங்கே கோரஸ் வந்ததும் கூட்டத்துக்குள்ளேயே மேல் குரலை எடுப்பவர்கள் சிலர், கீழ்க் குரலைப் பிடிப்பவர்கள் சிலர் என்று தானாகப் பிரிவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆல்பத்தோடு சேர்ந்து பாடிப் பாடி ஒவ்வொருவரும் தனக்கு வசதியான குரலை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சிறிய அரங்கு, சில நூறு பேர், அதில் பாதிப் பேர் தாங்களே ஏதாவது வாத்தியம் வாசிப்பவர்கள். இந்தக் குழுவுக்கு இசைக் கலைஞர்கள்தான் பெரிய ரசிகர்கள் என்ற பேச்சு சும்மா வந்ததில்லை.

மேடையில் 'ஓவர் மை ஹெட்' இன்னொரு ரகம். நடுவில் பாட்டை நிறுத்தி, பேஸும் டிரம்ஸும் மெல்ல ஓடிக்கொண்டிருக்க, டக் கூட்டத்தோடு பேச ஆரம்பிப்பார். சிறுவயது, வலி, உயிரோடு இருப்பது என்று எங்கெங்கோ போவார். பிரசங்கி தொனி அப்படியே இருக்கும், பிரசங்கம் மட்டும் இருக்காது. பேச்சு நீளம் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு, எனக்குச் சில இரவுப் பதிவுகளில் நீளம்தான்.

சாம் டெய்லர் போனபிறகு ஹார்மனி குறைந்துவிட்டதா?

குறைந்தது என்பதைவிட இடம் மாறியது எனலாம். முதல் நான்கு ஆல்பங்களில் குரல்களை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து பெரிய சுவராக எழுப்பியிருப்பார்கள். 'டாக்மேன்' தொடங்கி டக்கின் தனிக்குரல் முன்னால் வந்தது, ஹார்மனி தேவைப்படும் இடத்தில் மட்டும். 1998-ன் 'டேப் ஹெட்'டிலிருந்து மெட்டல் பிளேட் நிறுவனம், தங்களே தயாரிப்பு, டையின் ஸ்டுடியோவிலேயே பதிவு. அந்தக் காலத்து ஆல்பங்கள் சில இடங்களில் வறண்டு ஒலிக்கும், ஒளிக்க ஒன்றும் இல்லை. 2001-ன் 'மேனிக் மூன்லைட்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. 2005-ன் 'ஓகர் டோன்ஸ்', 2008-ன் 'எக்ஸ்வி' இரண்டிலும் பழைய ஒளி திரும்பியது.

ஜெர்ரிக்கு என்ன ஆயிற்று?

2012 பிப்ரவரியில் கடுமையான மாரடைப்பு. அதே ஆண்டு அக்டோபரில் சாண்டி புயல் நியூ ஜெர்சியில் அவர் வீட்டையும் நாசம் செய்தது. 2014-ல் மறுபடி ஒரு மாரடைப்பு. மருத்துவச் செலவுக்காக 1991-ல் பாஸ்டனில் நடந்த ஒரு கச்சேரியின் பதிவை வெளியிட்டார்கள், ரசிகர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதே கச்சேரியின் திருட்டுப் பதிவைப் பல வருடமாக வைத்திருந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம். ஜெர்ரி மீண்டும் டிரம்ஸ் பின்னால் வந்து உட்கார்ந்தார். 2015-ல் 'லவ் அண்ட் ஸ்கார்ஸ்' என்று தனி ஆல்பமும் போட்டார்.

இப்போது புதுசாக ஏதாவது?

2022 செப்டம்பரில் 'த்ரீ சைட்ஸ் ஆஃப் ஒன்'. 'எக்ஸ்வி'க்கு 14 ஆண்டு கழித்து. எழுபதைத் தாண்டிய டக்கால் இருபது வருடத்துக்கு முந்தைய உச்சங்களை எட்ட முடியாது, அதற்குத் தகுந்த மாதிரி டையும் ஜெர்ரியும் கூடுதலாகப் பாடுகிறார்கள். குறையாக எனக்குத் தெரியவில்லை. இடையில் கேட்க ஆள் ஆளுக்கு வேறு குழுக்களும் உண்டு: டக்குக்கு கேஎக்ஸ்எம், கிரைண்டர் ப்ளூஸ், டைக்கு பிளாட்டிபஸ், ஜெல்லி ஜாம். ஹார்மனிக்காக என்றால் ஜெல்லி ஜாமை முதலில் எடுங்கள்.

இதே மாதிரி வேறு யாராவது?

கலாக்டிக் கௌபாய்ஸ். அதே ஹூஸ்டன், அதே சாம் டெய்லர், த்ராஷ் மெட்டல் வேகத்தில் நாலு குரல் ஹார்மனி. கிங்ஸ் எக்ஸே குறைவாக மதிக்கப்பட்டது என்றால் இவர்கள் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர்களோடு சேர்ந்து இந்தப் பாட்டுகளைப் பாடிப் பார்க்க முடியுமா?

தாராளமாக. 'கோல்டிலாக்ஸ்' கோரஸில் தொடங்குங்கள், வேகம் குறைவு. ஒரே மெட்டைப் பின்தொடர்ந்து பழகிய காதுக்கு நடுக் குரல்தான் கஷ்டம், அதனால் குழுவில் சுருதி நிலையாக உள்ளவருக்கு அதைக் கொடுங்கள், உச்சக் குரலை யார் வேண்டுமானாலும் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்வார்கள். முதலில் கிட்டார் இல்லாமல், வாய்ச்சொல் இல்லாமல், வெறும் "ஆ" என்று மூன்று சுரத்தையும் பிடித்து நிறுத்துங்கள், அது ஆடாமல் நின்றதும் வரிகளைச் சேர்க்கலாம். டக் மாதிரி கரகரக்க முயற்சி வேண்டாம், தொண்டை போய்விடும்.